விமானத்தின் வால்

தாராவியை அடுத்த பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2016 பிப்ரவரியில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில், ஆறு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதைக் காந்திவலியில் வீட்டு மொட்டை மாடியிலேயே உருவாக்கியவர் விமானி அமோல் யாதவ்.

காண்போர் கண் இறக்கையிலும் எஞ்சினிலுமே பதியும். நாமோ வாலைப் பற்றிச் சொல்ல விழைகிறோம்.

வாலின் கிடைப்பலகை விமானத்தை மேல்கீழாக ஆடாமல் நிலைநிறுத்துகிறது. செங்குத்துப் பலகை பக்கவாட்டில் விலகாமல் காக்கிறது. இவ்விரண்டின் பின்விளிம்பிலும் கீல் வைத்து மாட்டிய அசையும் பலகைகள் உண்டு. மூக்கை ஏற்றி இறக்குவது ஒன்று. இடம் வலமாகத் திருப்பும் சுக்கான் மற்றொன்று.

பாகங்களை வாங்கி வீட்டில் விமானம் கட்டுவோர் பலர் வாலிலிருந்தே தொடங்குகின்றனர். கை பழகுமுன் ஒரு தகடு கெட்டாலும் நஷ்டம் குறைவு. துளையிட்டுப் பிசிறு நீக்கி, ரிவெட் அடித்து, வர்ணம் பூசிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது.

அழகுக்குப் பூசும் வர்ணமும் எடையே! கீலுக்குப் பின்னால் சிறிது எடை கூடினும் பலகையின் சமநிலை கெடும். வேகமாகப் பறக்கையில் அது படபடவென்று நடுங்கத் தொடங்கினால், சில விநாடிகளில் வாலே பிய்ந்துபோகக்கூடும். ஆதலால், தேவையான விமானங்களில் கீலுக்கு முன்னால் ஈயம் பொருத்திச் சமன் செய்கின்றனர். வர்ணம் பூசியபின் மீண்டும் சோதிக்கின்றனர்.

யாதவின் விமானம் 2017இல் பதிவு பெற்றது. பறந்து பார்க்கும் அனுமதி 2019இல் கிடைத்தது. மாடியில் விமானம் கட்டும் துணிவை நாம் மெச்சுகிறோம். பூசிய வர்ணத்தையும் நிறுத்துப் பார்க்கும் பொறுமையே அத்துணிவுக்குக் காவல் என்பதை நம் பிள்ளைகளும் அறிதல் நன்று.