நிமோனியா இதயத்தைத் துளைக்கும்… தெரியுமா?

காய்ச்சல், சளி, மூச்சுத்திணறல், எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு. நிமோனியா என்றால் நுரையீரலோடு முடிகிற சங்கதி என்றுதானே நினைத்திருக்கிறோம்? அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறி, இதயத் தசைக்குள்ளேயே போய்க் குடியேறும் என்பது தெரியுமா?

நிமோனியா பாக்டீரியாக்களில் பெரிய வில்லன் நியூமோகாக்கஸ். 1881-லேயே பிரான்ஸில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மரபுச் செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ.தான் என்று 1944-ல் ஆஸ்வால்ட் ஏவரி குழு காட்டியதும் இதே கிருமியை வைத்துத்தான்! இவ்வளவு அலசப்பட்ட கிருமி இதயத் தசையில் போடும் ஓட்டைகளோ 2014-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

அமெரிக்காவில் கார்லோஸ் ஒரிஹுவேலா குழுவினர் நியூமோகாக்கஸ் தொற்றிய எலிகளின் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். தசைக்குள் அங்கங்கே நுண்ணிய பொத்தல்கள்! உள்ளே கிருமிக் கூட்டம்! கிருமி புகுந்த இடத்தில் வெள்ளை அணுக்கள் மொய்க்க வேண்டுமே? இங்கே அவற்றைக் காணோம்! குரங்குகளிலும், இந்தத் தொற்றால் இறந்த மனிதர்கள் சிலரின் இதயத்திலும் இதேபோன்ற புண்கள் தெரிந்தன.

எப்படித் துளைக்கிறது? ஆயுதத்தின் பெயர் நியூமோலைசின். நம் செல்களின் மேலுறையில் கொலஸ்ட்ரால் இருக்கிறதல்லவா, அதைப் பற்றிக்கொண்டு 30 முதல் 50 மூலக்கூறுகள் வளையமாகக் கைகோக்கும். நடுவில் ஓட்டை விழும். சல்லடையாகிப்போன செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாய்ப் பாயும். சுருங்கி விரியும் தாளம் குலைந்து, செல் செத்தே போகும்.

இன்னொன்று கேளுங்கள். இந்த நஞ்சு பெரும்பாலும் கிருமியின் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். கிருமி வெடித்தால்தான் கொட்டும். பெனிசிலின் வகை மருந்துகளோ கிருமியை வெடிக்க வைத்தே கொல்பவை! அதற்காக மருந்தை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் மருந்தால் பிழைத்த எலிகளின் இதயத்தில், பொத்தல் இருந்த இடமெல்லாம் தழும்பு விழுந்திருந்தது. தழும்பு சுருங்கி விரியாது.

மனிதர்களுக்கு வருவோம். ஹூஸ்டனில் நியூமோகாக்கஸ் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 170 பேரில் 33 பேருக்கு மாரடைப்போ, புதிதாய் வந்த துடிப்புக் கோளாறோ, இதயச் செயலிழப்போ இருந்தது. 2007-ல் வெளியான கணக்கு இது. ஐந்தில் ஒருவர்! எல்லாமே பொத்தலால் வந்தவை அல்ல. ஆக்சிஜன் குறைவு, தாறுமாறாய் ஓடும் துடிப்பு, ரத்தக்குழாய்க் கொழுப்புத் திட்டு அழற்சியில் உடைவது என்று பல வழிகள் சேர்ந்துகொள்கின்றன.

2015-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வுதான் என்னை உலுக்கியது. நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 65 வயது தாண்டியவர்களுக்கு முதல் 30 நாளில் மாரடைப்பு, பக்கவாத அபாயம் நான்கு மடங்கு. பத்தாவது ஆண்டிலும் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு! காய்ச்சல் விட்டு வீடு திரும்பிய தாத்தாவுக்குக் கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், நெஞ்சு படபடத்தால், 'பலவீனம்தான்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டி ஈசிஜி எடுங்கள்.

இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு என்பதாவது தெரியுமா? 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021 முதல் இந்தியா முழுக்கக் குழந்தைகளுக்கு இலவசம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. பெரியவர்களுக்கும் தனியாக இருக்கிறது. இதய நோய், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.