மேரி மாளிகை மீண்டு வந்தது, ஆலம்பரை ஏன் வரவில்லை?

மரக்காணம் உப்பளங்களில் இருந்து ஈசிஆரில் தெற்கே போனால் புதுச்சேரி. வடக்கே போனால், கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. இரண்டு இடத்திலும் பழைய கட்டடம் இடிந்த கதை உண்டு. முடிவு மட்டும் வேற வேற.

புதுச்சேரியில் என்ன நடந்தது?

பீச் ரோட்டில் பிரெஞ்சுக்காரர்கள் 1870-71-ல் கட்டிய நகராட்சி மாளிகைதான் 'மேரி'. 2014 நவம்பர் 29 அன்று, மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. பழைய போட்டோக்களும் வரைபடங்களும் கைவசம் இருந்ததால், அதே இடத்தில் அதே முகப்போடு மறுபடியும் கட்ட முடிந்தது. 2021-ல் திறந்தார்கள்.

ஆலம்பரையில்?

ஒருகாலத்தில் துறைமுகக் கோட்டை. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததை 1760-ல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தார்கள். போட்டோகிராபி உலகுக்கு அறிமுகமானதோ 1839-ல்தான். இன்று மிஞ்சியிருப்பது சிதைந்த செங்கல் சுவர்கள். முழுக்கோட்டை எப்படி இருந்தது என்பதை மனசுக்குள்தான் கட்டிப் பார்க்கணும்.

ஒரு போட்டோ அவ்வளவு முக்கியமா?

ஆமாம். தூண்கள் எத்தனை, ஜன்னல் வளைவு எப்படி என்று அது சொல்லும். படத்தில் உள்ள ஒரு கதவின் உயரம் தெரிந்தால், அதே சுவரில் இருக்கும் மற்ற அளவுகளையும் கணக்கிடலாம்.

நாம் என்ன செய்யலாம்?

ஊரில் தாத்தா வீட்டை இடிக்கப் போகிறார்களா? செல்ஃபி மட்டும் போதாது. நான்கு பக்கமும் நேராக நின்று எடுங்க. முற்றம், தூண், கூரை எதையும் விடாதீங்க. ஒரு படத்திலாவது அளவு டேப் தெரியட்டும். தேதி, ஊர், தெருப் பெயரோடு சேமித்து வைங்க. இடித்த பிறகு எடுக்க எதுவும் இருக்காது.