கூகுள் காட்டும் எண்ணிக்கை சாட்சியாகுமா?

'ரமலான்' சரியா, 'ரமழான்' சரியா என்று வீட்டில் பேச்சு வந்தால், பிள்ளைகள் இரண்டையும் கூகுளில் தேடி, அதிக முடிவுகள் காட்டுவதே சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்த எண்களைத் தானாக எடுத்துத் தர ஸ்கிரிப்டுகளும் இருக்கின்றன. ஃபயர்பாக்ஸில் கிரீஸ்மங்கி, குரோமில் டாம்பர்மங்கி ஆகிய ஆட்-ஆன்களை நிறுவினால் அவை இயங்கும்.

ஆனால் ஸ்கிரிப்ட் எதையும் எண்ணுவதில்லை. பக்கத்தில் கூகுள் எழுதிய எண்ணை எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணும் ஒரு மதிப்பீடே; 'சுமார்' என்று கூகுளே போட்டிருக்கும். பல லட்சம் காட்டும் தேடலில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள், சில நூறு முடிவுகளோடு நின்றுவிடும். அவற்றிலும் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவை எத்தனையோ! வாட்ஸ்அப் வதந்திக்கு இந்த எண்ணை ஆதாரம் காட்டுவோரையும் பார்க்கிறோம்.

இன்னொன்று முக்கியம். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'மேட்ச்' என்றொரு வரி இருக்கும். எந்தத் தளங்களில் அது இயங்கும் என்பதை அந்த வரிதான் சொல்லும். கூகுள் முகவரி மட்டும் இருந்தால் சரி. எல்லாத் தளங்களும் என்றிருந்தால், நீங்கள் திறக்கும் வங்கிப் பக்கத்தையும் அதனால் படிக்க முடியும். உடனே நீக்கிவிடுங்கள்.