குளிர்நாட்டு வீடுகளுக்கு எண்ணெய் வரும் விதம்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலம் கடுமையானது. ஜனவரி இரவுகளில் உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழே 15, 20 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குவதுண்டு. அத்தகைய இரவில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது வெறும் சௌகரியத்தைப் பொறுத்ததன்று. கொதிகலன் அணைந்துவிட்டால் வீட்டினுள் குளிர் விரைவில் ஏறிவிடும். முதியோரும் குழந்தைகளும் அபாயத்திற்குள்ளாவர். நீர்க்குழாய்களில் உள்ள நீர் உறைந்து, உறையும்போது விரிந்து, குழாய்களைப் பிளந்துவிடும்.

பெரிய நகரங்களில் எரிவாயு, நிலத்தடிக் குழாய் வழியாக வீடுகளுக்கு வருகிறது. அவ்வசதி எட்டாத சிற்றூர்களில் எண்ணெயே முக்கிய எரிபொருளாக இருந்துவருகிறது. 2020ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் சுமார் 50 லட்சம் வீடுகள் எண்ணெயைக் கொண்டு வெப்பமூட்டப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவை. மெய்ன் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இவ்வகையின.

இந்த எண்ணெய் டீசலுக்கு மிக நெருங்கியது. சாலை வரி விதிக்கப்படாததால், வாகனங்களில் உபயோகிப்பதைத் தடுக்கும்பொருட்டு இதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றப்படுகிறது. கப்பல்கள் மூலம் போர்ட்லண்டு, பாஸ்டன் முதலிய துறைமுகக் கிடங்குகளை அடையும் எண்ணெய், அங்கிருந்து டாங்கர் லாரிகளில் வீடுகளுக்குச் செல்கிறது. சுமார் 10,000 லிட்டர் கொள்ளும் ஒரு லாரி, ஒரே சுற்றில் பல வீடுகளுக்கு எண்ணெய் வழங்கும்.

வீட்டின் தொட்டி சாதாரணமாக 1,000 லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். அது பெரும்பாலும் பூட்டிய வீட்டின் நிலவறையில் இருக்கும். வெளிச்சுவரில் தெரிபவை இரண்டு குழாய்முனைகள் மட்டுமே. ஒன்று எண்ணெய் ஊற்றுவதற்கு; மற்றொன்று தொட்டியிலுள்ள காற்று வெளியேறுவதற்கு. ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத ஒரு தொட்டியை நிரப்பும் ஓட்டுநர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எப்போது செல்வது? எப்போது நிறுத்துவது?

நிறுத்தச் சொல்லும் ஓசை

இரண்டாவது கேள்விக்கு விடை தருவது ஒரு சிறு சீழ்க்கை. எண்ணெய் உட்புகும்போது தொட்டியிலுள்ள காற்று வெளியேறியாக வேண்டும். அக்காற்று செல்லும் வழியில் சீழ்க்கைக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் குழல் தொட்டிக்குள் சிறிது தூரம் இறங்கியிருக்கும். எண்ணெய் ஏறும்வரை காற்று அக்குழலினூடே சென்று ஊதிக்கொண்டிருக்கும். எண்ணெய் குழலின் அடிமுனையைத் தொட்டதும் ஓசை நின்றுவிடும். ஓட்டுநர் உடனே விசையை விடுவித்துவிடுவார். எண்ணெய் நிமிஷத்திற்கு 200 லிட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்வதால், சில விநாடித் தாமதமும் எண்ணெய் வழிந்தோடக் காரணமாகும். தொட்டியின் மேற்பகுதியில் விடப்படும் வெற்றிடத்திற்கு வேறொரு பயனும் உண்டு. லாரியிலிருந்து வந்த குளிர்ந்த எண்ணெய் நிலவறையின் உஷ்ணத்தில் விரியும்போது அதற்கு இடம் வேண்டுமல்லவா?

ஊற்றத் தொடங்கியதும் சீழ்க்கை கேட்காவிட்டால் ஓட்டுநர் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. காற்றுக் குழாயைப் பனிக்கட்டியோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கலாம். அதைவிடக் கொடியது, தொட்டியே இல்லாமலிருப்பது. எரிவாயுவுக்கு மாறிய சில வீடுகளில் தொட்டியை அகற்றியவர்கள் சுவரிலுள்ள குழாயை அகற்றாமல் விட்டதுண்டு. விலாசம் தவறி வந்த லாரி அக்குழாயில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெயை ஊற்ற, அது நிலவறைத் தரையில் பெருகி, வீட்டையே குடியிருக்கத் தகுதியற்றதாக்கிய சம்பவங்கள் உண்டு.

போகச் சொல்லும் கணக்கு

முதல் கேள்விக்கு விடை 'டிகிரி-நாள்' என்னும் கணக்கில் இருக்கிறது. வெளியே சராசரி உஷ்ணநிலை சுமார் 18 டிகிரியாக இருக்கும்போது வீட்டிற்குத் தனியே வெப்பம் தேவைப்படாது எனக் கொள்ளப்படுகிறது. சூரிய ஒளியும், சமையலும், மனிதர்களின் உடற்சூடும் எஞ்சிய தேவையை ஈடுசெய்துவிடும். ஒரு நாளின் உச்ச உஷ்ணநிலை 0 டிகிரி, நீச உஷ்ணநிலை -8 டிகிரி என்றால் சராசரி -4 ஆகும். 18க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 22. அந்த நாள் 22 டிகிரி-நாட்களுக்குச் சமம்.

சென்ற முறை தொட்டி நிரப்பப்பட்ட பின் 300 டிகிரி-நாட்கள் கழிந்தன என்றும், மறுபடி நிரப்ப 420 லிட்டர் பிடித்தது என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வீடு டிகிரி-நாள் ஒன்றுக்கு 1.4 லிட்டர் செலவிடுகிறது. தொட்டியில் உள்ள 950 லிட்டரில் 250 லிட்டரைக் கையிருப்பாக விட்டால், 700 லிட்டர் 500 டிகிரி-நாட்களுக்குப் போதும். கடுங்குளிரில் நாளொன்றுக்கு 20 வீதம் 25 நாட்களிலும், மிதமான குளிரில் 10 வீதம் 50 நாட்களிலும் லாரி வந்தாக வேண்டும். வீட்டார் கேட்காமலே லாரி உரிய நாளில் வாசலில் நிற்பதன் இரகசியம் இதுவே. எண்ணெய் மட்டத்தைத் தாமே அறிவிக்கும் மின்னணுக் கருவிகள் இந்நாளில் சில வீடுகளில் பொருத்தப்படினும், இக்கணக்கு கைவிடப்படவில்லை.

ஆனால், தொட்டி முழுவதையும் ஒரே தடவையில் நிரப்ப எல்லோரிடமும் பணம் இருப்பதில்லை. சிறிது சிறிதாக வாங்கும் ஏழைக் குடும்பங்களுக்கே எண்ணெய் தீரும் அபாயம் அதிகம். அவர்களது எரிபொருட் செலவில் ஒரு பகுதியை ஏற்க 1981இல் அந்நாட்டு மத்திய அரசு ஓர் உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது.

வகுப்பறையில் ஒரு சோதனை

சீழ்க்கையின் தத்துவத்தை ஆசிரியர்கள் எளிதில் விளக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியின் தக்கையில் இரண்டு துளைகளிட்டு, ஒன்றில் புனலையும் மற்றொன்றில் புட்டியின் பாதி ஆழம் வரை இறங்கும் குழாயையும் பொருத்துக. குழாயின் மேல்முனையருகே மெல்லிய காகிதத் துண்டொன்றைப் பிடித்துக்கொண்டு புனலில் நீர் ஊற்றுக. வெளியேறும் காற்றில் காகிதம் அசையும். நீர் குழாயின் அடிமுனையை மூடியதும் அசைவு நின்றுவிடும். புட்டியில் நீர்மட்டம் ஏறுவதும் தடைப்படும். குழாயின் மேல்முனையை முதலிலேயே விரலால் அடைத்துக்கொண்டால், நீர் உள்ளே செல்லவே மறுப்பதையும் மாணவர் காண்பர். பனி பெய்யும் இரவில் ஓட்டுநர் செவிகொடுத்துக் கேட்பது இந்தக் காற்றின் குரலையேயாகும்.