பூ மணம் போன பின்பும் நிற்கும் கஸ்தூரி: ஒரு பழைய வாசனைத் திரவியம் சொல்லித் தருவது

கடந்த இரண்டு கிழமைகளாக 'ஷனல் நம்பர் 5' என்ற வாசனைத் திரவியத்தைப் பூசி வருகின்றேன். பாரிஸில் வாழும் உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது தந்துவிட்டுப் போன சிறிய போத்தல் அது. 1921 ஆம் ஆண்டு அறிமுகமான இந்தச் சென்ற், பூவும் கஸ்தூரியும் கலந்த பழைய பாணி மணம் கொண்டது.

வசதி படைத்தவர்களின் ஆடம்பரப் பொருளைப் பற்றி இங்கே ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மணம் துணியில் எப்படித் தங்குகின்றது, அது ஏன் எங்களைத் திடீரென்று பழைய நாளொன்றுக்குள் இழுத்துப் போகின்றது என்பதை இந்தப் போத்தலை வைத்து விளங்கிக்கொள்ளலாம். வீட்டையும் மனிதர்களையும் போரில் பறிகொடுத்த எங்களுக்கு அது தேவையான விடயம்.

மூன்று கட்டங்கள்

பூசிய முதல் பத்து நிமிடங்கள், சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவைத்த வெள்ளை வேட்டியின் மணம் வருகின்றது. 'அல்டிஹைட்' எனப்படும் இரசாயனச் சேர்வைகளின் வேலை அது. அதன்பின் பூக்கள் வருகின்றன. ரோசாவும் பிச்சியும் முன்னுக்கு நிற்கின்றன. இதற்கான பிச்சியைத் தென் பிரான்சின் கிராஸ் பகுதியில் வளர்க்கின்றார்கள். எங்கள் முற்றங்களில் பூக்கும் பிச்சியின் அதே இனம்தான் அது.

எங்கள் வெயிலில் பூக்கள் சீக்கிரமே அடங்கிவிடுகின்றன. பின்னேரம் மிஞ்சுவது சந்தனம், வெட்டிவேர், கஸ்தூரி. மறுநாள் காலையில் சால்வையை முகர்ந்தால் பெரும்பாலும் கஸ்தூரி மட்டுமே.

இதற்குக் காரணம் மூலக்கூறுகளின் பருமன். இலேசானவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடும். கஸ்தூரி மணத்தைத் தரும் மூலக்கூறுகள் பெரியவை. மெதுவாகவே ஆவியாகும், துணியையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். சலவைத் தூள்களில் செயற்கைக் கஸ்தூரி சேர்ப்பதும் இதனால்தான். சிலருடைய மூக்குக்குச் சில வகைக் கஸ்தூரி தெரிவதே இல்லை. நான் முகர்ந்து சொன்னதை வீட்டில் ஒருவர் "ஒன்றுமே மணக்கவில்லையே" என்றார். இருவர் சொன்னதும் உண்மைதான்.

வெடிமருந்தின் உறவு

முற்காலத்தில் இமயமலை, திபெத், சைபீரியப் பகுதிகளில் வாழும் ஆண் கஸ்தூரி மானின் சுரப்பியில் இருந்தே கஸ்தூரி எடுக்கப்பட்டது. அதற்காக மான்கள் கொல்லப்பட்டன. 1888 இல் அல்பேர்ட் பவுர் என்ற இரசாயனவியலாளர் ரி.என்.ரி. வகை வெடிமருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவர் உருவாக்கிய பொருள் ஒன்று கஸ்தூரி போல மணத்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த செயற்கைக் கஸ்தூரிகள்தான் பல பத்தாண்டுகள் பழைய சென்ற்களின் அடித்தளமாக இருந்தன. உடல்நலம், சுற்றாடல் பற்றிய கவலைகளால் அவற்றில் பல பின்னர் கைவிடப்பட்டன. குண்டுக்குள் நிரப்பும் மருந்தின் நெருங்கிய உறவுப் பொருளொன்று மேல்நாட்டுச் சீமாட்டிகளின் கழுத்தில் மணத்தது என்பதை வாசித்தபோது போத்தலைச் சற்றுநேரம் கீழே வைத்துவிட்டேன்.

இந்தச் சென்ற்றை உருவாக்கிய ஏர்னஸ்ட் போ, மொஸ்கோவில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சியின்பின் அவர் வேலை செய்த வாசனைத் திரவிய நிறுவனம் அரசுடைமையானது. போர்க்காலத்தில் வடதுருவத்தை அண்டிய பகுதியில் படையில் இருந்தவர், பிறகு பிரான்சில் குடியேறினார். அந்த வடபகுதியில் நள்ளிரவுச் சூரியனின் கீழ் ஏரிகளும் ஆறுகளும் தந்த புத்துணர்ச்சியான மணத்தையே இதில் பிடிக்க முயன்றதாகப் பின்னாளில் சொன்னார்.

மூக்கும் நினைவும்

பார்வையும் ஒலியும் மூளையில் 'தலமஸ்' என்ற இடைநிலையத்தைத் தாண்டியே மற்றப் பகுதிகளுக்குப் போகும். மணம் அப்படியல்ல. அச்சத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு அது நேராகவே போய்ச் சேரும். அதனால் 'இது என்ன மணம்' என்று சொல்ல முன்பே நெஞ்சு படபடக்கும், அல்லது கண் கலங்கும். டீசல் புகை, எரியும் ரயர், ஆஸ்பத்திரி மருந்து மணம் ஆகியவற்றால் இன்றும் நிலைகுலைந்து போகும் எங்கள் ஆட்களை "இன்னும் பழசையே நினைக்கிறாய்" என்று கண்டிப்பது நியாயமில்லை. அவர்கள் நினைக்கவில்லை, மூக்கு நினைக்கின்றது.

எனக்கு இது வேறு விதமாக நடந்தது. மூன்றாம் நாள் சால்வையில் மிஞ்சிய சந்தனமும் வெட்டிவேரும் அம்மாவின் றங்குப்பெட்டியாக மணத்தன. கூறைச்சேலைக்கு நடுவில் இந்த இரண்டையும்தான் அவர் வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தப் பெட்டி யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, அறையும் இல்லை. அம்மாவின் சேலை எதுவும் இன்று என்னிடம் இல்லை. அந்த மணம் மட்டும் எங்கோ இருந்திருக்கின்றது.

உடுப்பு வைத்திருப்பவர்களுக்கு

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் சட்டையைத் தோய்க்காமல் வைத்திருக்கும் தாய்மாரை நான் அறிவேன். மனிதரின் உடல் மணம் கஸ்தூரி போல நீண்ட காலம் நிற்காது. ஆனால் அது போகும் வேகத்தைக் குறைக்கலாம். நன்கு உலர்ந்த உடுப்பைக் காற்றுப் புகாதபடி மூடி, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைக்க வேண்டும். நப்தலீன் உருண்டையோ சென்ற்றோ பக்கத்தில் வைக்கக் கூடாது. அவற்றின் மணம் மற்றதை மூடிவிடும். திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணம் வெளியேறும் என்பதால் அடிக்கடி திறக்காமல் இருப்பது நல்லது. அப்படி இருக்க முடியாத நாட்களும் வரும், அதில் குற்றமில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படியொரு பழைய சட்டை கிடந்தால், ஊத்தை என்று எடுத்துத் தோய்க்க முன் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.