வைகாசி வந்தால் திருகோணமலை!

கடலுக்குள் முகம் புதைத்துப் பழகியவர்களுக்கு இலங்கையில் வருடம் இரண்டு துண்டு. கார்த்திகை முதல் சித்திரை வரை ஹிக்கடுவை, உணவட்டுன பக்கம். சோளகம் எழும்பித் தென்மேற்குக் கடலைக் கலக்கியதும் அந்தப் பக்கம் கதவு சாத்திக்கொள்ளும். அதே நாட்களில் கிழக்கில் வாடையின் கொந்தளிப்பு ஓய்ந்து, நிலாவெளிக் கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை திருகோணமலைதான். அதற்காகப் பங்குனியிலேயே பையை எடுத்துத் தூசு தட்டுகிற ஒரு கூட்டம் கொழும்பில் இருக்கிறது. இதை எழுதுபவனும் அதில் ஒருவன்.

எங்கள் கூட்டத்தில் வங்கியில் வேலை செய்பவர் இருக்கிறார், விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறார், கைத்தொலைபேசி திருத்தும் கடைக்காரர் இருக்கிறார். தண்ணீர் இல்லாவிட்டால் இவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டிருக்கவே வாய்ப்பில்லை. ஐப்பசியில் தூங்கிப்போன வட்ஸ்அப் குழு மாசி கடைசியில் கண் விழிக்கும். முதலில் யாராவது போன வருடத்துப் படம் ஒன்றைப் போடுவார். "இந்த ஆமைக்கு ஓட்டின் ஓரத்தில் வெட்டு இருக்கு, முந்தின வருசமும் இதையேதான் பார்த்தோம்" என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். பிறகு ரயிலா வானா என்ற வழக்கு. அடுத்தது, திமிங்கிலம் பார்க்கவும் ஒரு விடியற்காலையை ஒதுக்கலாமா என்ற வழக்கு. துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழம் சட்டென்று இறங்கிவிடுவதால், நீலத் திமிங்கிலம் இங்கே கரைக்குக் கிட்ட வரும். ஆனால் அது படகில் உட்கார்ந்து பார்ப்பது. எங்கள் ஆட்களுக்குத் தலை நனைய வேண்டும்.

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. விடுமுறைக்குப் போகிறவர்கள் போகாதவர்களை விட அதிக மகிழ்ச்சியோடு இருப்பது புறப்படுவதற்கு முன்னர்தான் என்றும், திரும்பி வந்த பிறகு பெரும்பாலானோருக்கு அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்றும் அது சொன்னது. எங்கள் குழுவைக் கேட்டிருந்தால் ஆய்வுச் செலவு மிச்சமாகியிருக்கும். புதுச் சுழியோட்டக் கண்ணாடி வாங்கியவர் அதன் உட்பக்கத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவுகிற அந்த ஒரு மாலைப் பொழுதிலேயே பாதிப் பயணம் முடிந்துவிடும். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் போகாவிட்டால் தண்ணீருக்குள் கண்ணாடி புகைமூடிவிடும். கடலில் இறங்கும் நேரத்தில் அதே கண்ணாடிக்குள் துப்பி, விரலால் தடவி, அலம்பி மாட்டிக்கொள்வதும் இதே காரணத்துக்குத்தான். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுழியோடிகளுக்கு இதை விடச் சிறந்த மருந்து கிடையாது.

மூன்று பேர், ஒரு கடல்

ஒரே பைத்தியம் பிடித்த நண்பர்கள் திருகோணமலைக்குக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போகிற வழியில் கொழும்பில் கப்பல் நின்றபோது இறங்கினார். அங்கே அவரைக் கடல் பக்கம் திருப்பியவர் ரொட்னி ஜொங்கிளாஸ். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றியவர், மூச்சை அடக்கிச் சுழியோடுவதில் சூரர். கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன், நீருக்கடியில் படம் பிடிப்பவர். 1956இல் கிளார்க்கும் வில்சனும் இலங்கைக்கே குடிவந்துவிட்டார்கள். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்பதைப் பூமியிலேயே அறிய ஒரே வழி கடலுக்குள் இறங்குவதுதான் என்பது கிளார்க்கின் கணக்கு.

அதே 1956இல் திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் இறங்கியபோது, செதுக்கிய தூண்களும் கல் துண்டுகளும் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். போர்த்துக்கீசர் 1620களில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் எச்சங்கள் அவை. கோயில் கற்களில் ஒரு பங்கு கோட்டைச் சுவருக்குப் போனது, ஒரு பங்கு கடலுக்குப் போனது. கடலிலிருந்து வில்சன் மீட்ட இலிங்கம் இன்று மலை உச்சியில், 1963இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலில் வழிபாட்டில் இருக்கிறது. அந்தச் சுழியோட்டங்களின் கதையை கிளார்க் 1957இல் 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரொபேன்' என்ற நூலாக எழுதினார். வில்சன் 1962இல் 'ரன் முத்து தூவ' படத்தை எடுத்தார். முழுவதும் வண்ணத்தில் வந்த முதல் சிங்களப் படம் அது. நீரடிக் காட்சிகளைச் சிங்களத் திரைக்குக் கொண்டுவந்ததும் அதுவே. அதன் பிறகு வில்சன் எல்லாவற்றையும் விட்டுத் துறவியானார். 1995இல் காலமானபோது அவர் சுவாமி சிவ கல்கி.

சுற்றுலா விளம்பரம் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த மூவருக்கும் அந்தத் தூண்கள் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம். ஒருவருக்கு மீன் தெரியும், ஒருவருக்குக் கமரா தெரியும், ஒருவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும். ஒருவர் பார்க்கத் தவறியதை மற்றவர் பார்த்தார். தனியாகப் போவதை விட, குடும்பத்தோடு போவதை விட, ஒரே ரசனை உள்ளவர்களோடு போவது ஏன் மேல் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

கப்பல் சிதைவுகளில் பித்துள்ளவர்களுக்கும் இந்தக் கடலில் கதை உண்டு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது துறைமுகத்துக்குள்ளேயே குண்டுக்கு இலக்கான 'சாகெய்ங்' கப்பல் முக்கால் நூற்றாண்டு அங்கேயே கிடந்து, 2018இல்தான் மிதக்கவைத்து அப்புறப்படுத்தப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய விமானந்தாங்கி 'ஹெர்மிஸ்' 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். எங்கள் குழுவில் ஹெர்மிஸ் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை, பேச்சோடு சரி.

புறாமலையில் கால்

எங்களைப் போன்றவர்கள் உண்மையில் போவது புறாமலைக்கு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம், பைபர் படகில் சில நிமிடம். தீவு 200 மீற்றர் நீளத்தைத் தாண்டாது. மாடப்புறாக்கள் அடைவதால் வந்த பெயர். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. ஒரு பக்கத்தில் முருகைக்கல் திட்டு கரையிலிருந்தே தொடங்குகிறது. இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தால் போதும், கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கிற சத்தம் காதில் கேட்கும். மறுபக்கம் கருநுனிச் சுறாக்கள் சுற்றும். ஆள் உயரத்துக்கும் குறைந்த, மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போகிற பிராணிகள்.

"நாளைக்கு எப்படி நானா?" என்று படகோட்டியிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "விடிய வாங்க தம்பி. வெயில் ஏறிக் கச்சான் எழும்பினா அலை கிளம்பிரும், தண்ணியும் கலங்கிரும். பிறகு சனமும் வந்துரும்."

கடைசியாகச் சொன்ன அந்தச் சனம்தான் என் கவலை. வெசாக் விடுமுறையிலும் ஆவணிப் பள்ளி விடுமுறையிலும் படகு படகாக இறங்குகிற கூட்டத்தில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கரையில் நின்று பார்த்தாலே தெரியும். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, வாடகைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது, அல்லது மூச்சுக்குழாயில் ஒரு மிடறு உப்புத் தண்ணீர் போனது என்று வையுங்கள். பயந்த மனிதர் செய்கிற முதல் காரியம் காலை ஊன்றுவது. ஆழம் குறைந்த அந்தப் பக்கத்தில் காலுக்குக் கீழே இருப்பது உயிருள்ள முருகைக்கல்.

மான்கொம்பு போலக் கிளைவிடுகிற இனம் வருடத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் வளரும், ஆனால் ஒரு மிதிக்கு உடையும். உருண்டையாக வளர்கிற இனம் உடையாது. அதன் மேல்தோலில்தான் உயிர் இருக்கிறது, காலணியின் உரசல் அதைச் சுரண்டிவிடும். அந்த இனம் எல்லாப் பக்கமும் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் பருக்கிறது. ஒரு மீற்றர் அகல உருண்டை என்றால் அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயது. அதன் மேல் ஏறி நின்று செல்பி எடுக்கிறவரை விடப் பெரும்பாலும் அதற்குத்தான் வயது அதிகம்.

1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தன. அந்த ஆண்டு திருகோணமலைக் கடல் தப்பியது. சுனாமியையும் பார்த்து, பிந்திய ஆண்டுகளின் வெப்பத்தையும் பார்த்து, இன்னும் உயிரோடு நிற்கிற திட்டு இது. வெப்பம்தான் பெரிய எதிரி, மிதிப்பதெல்லாம் சில்லறை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். படகோட்டிகளின் வயிற்றுப்பாடு கூட்டத்தை நம்பியிருக்கிறது என்பதும் நியாயமான பேச்சு. இருக்கட்டும். காய்ச்சலில் கிடப்பவனின் காலை மிதித்துவிட்டு, காய்ச்சல்தானே பெரிய வியாதி என்று சொல்ல முடியுமா? சூட்டைத் தணிக்க உலகமே கூட வேண்டும். காலைத் தூக்கிக்கொள்ள நாம் மட்டும் போதும்.

தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு ஹொலிவுட் படத்தால் பெயர்பெற்று, நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர்வரை வந்து குவிந்த இடம். முருகைக்கற்களில் பெரும்பகுதி நாசமானது. 2018 ஜூனில் அதை இழுத்து மூடினார்கள். உடைந்த இடங்களில் துண்டுகளை நட்டு வளர்த்தார்கள். கூட்டம் போனதும், புறாமலையில் நாம் பார்க்கிற அதே கருநுனிச் சுறா இனம் அங்கே திரும்பி வந்தது. 2022 ஜனவரியில் மறுபடி திறந்தபோது ஆள்தொகைக்குக் கட்டுப்பாடு, விரிகுடாவுக்குள் படகுக்குத் தடை, நீச்சலுக்கும் தடை. நாமும் கெடுத்துவிட்டுப் பிறகுதான் மூட வேண்டுமா?

காத்திருப்பும் ஒரு பயிற்சி

எங்கள் குழுவில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. புதிதாகச் சேர்கிறவர் பங்குனி, சித்திரையில் நீச்சல் குளத்துக்கு வர வேண்டும். வேகமாக நீந்துவதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. காலை உதைக்காமல், கையை வீசாமல், முகம் குப்புற மிதக்க வேண்டும். பிறகு கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மூச்சுக்குழாயில் தண்ணீர் நிறைந்தால் ஒரே ஊதலில் துப்ப வேண்டும். தரையில் கால் படாமல் இந்த மூன்றையும் செய்கிறவருக்குத்தான் வானில் இடம். சிலருக்கு முகம் சுருங்கும். வைகாசியில் தண்ணீருக்குள் இறங்கியதும் அவர்களே நன்றி சொல்வார்கள், ஏனென்றால் பயம் போன பிறகுதான் கண் திறக்கிறது.

வெயில் களிம்பு விஷயத்திலும் அப்படித்தான். சில களிம்புகளில் உள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கல்லைப் பாதிக்கிறது என்பதால் பசிபிக்கில் பலாவு நாடும் ஹவாய் மாநிலமும் அது கலந்த களிம்புகளை விற்கவே தடை செய்திருக்கின்றன. எங்கள் ஆட்கள் முழுக்கைச் சட்டையோடு இறங்குவார்கள். அதற்கு நாலு பேரின் கேலியைத் தாங்கினால் போதும்.

அதனால் வைகாசிக்குக் காத்திருக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். நண்பர்களோடு புறாமலைக்குப் போகிற எண்ணம் இருந்தால், அறை பதிவு செய்வதற்கு முன்னால் நீச்சல் குளத்தில் ஒரு நாள் பதிவு செய்யுங்கள். நீண்ட விடுமுறையை விட்டு, சாதாரண வார நாளில், விடியற்காலையில் போங்கள். உங்கள் கூட்டத்தில் மிதக்கப் பழகாதவர் இருந்தால் அவர் தீவின் கரையில் உட்கார்ந்து புறாக்களைப் பார்க்கட்டும், அடுத்த வருடம் இறங்கலாம். தண்ணீருக்குள் எது நடந்தாலும் காலை மட்டும் கீழே வைக்காதீர்கள்.