பிரித்தானியாவில் டிரெய்லர், லாரி ஓட்டுநர் உரிம விதிகளின் மாற்றம்

2021 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் வண்டிகளுக்கான உரிம விதிகள் இரண்டு முக்கிய மாற்றங்களுக்கு உள்ளாயின. காரின் பின்னால் கனமான டிரெய்லரை இழுப்பதற்குத் தேவைப்பட்ட தனித் தேர்வு நீக்கப்பட்டது. டிரெய்லர் லாரி ஓட்ட விரும்புவோர் முதலில் சாதாரண லாரிக்கான தேர்வில் தேற வேண்டும் என்ற நிபந்தனையும் கைவிடப்பட்டது. நாட்டில் அப்போது நிலவிய கடுமையான லாரி ஓட்டுநர் பற்றாக்குறையே இவற்றுக்கு உடனடிக் காரணம் ஆகும். வட அயர்லாந்தின் ஓட்டுநர் உரிம முறை தனியானது. டிரெய்லர் தேர்வு நீக்கம் அங்கு நடைமுறைப்படுத்தப்படவில்லை.

உரிம வகைகள்

பிரித்தானிய ஓட்டுநர் உரிமம் வண்டியின் "அனுமதிக்கப்பட்ட உச்ச எடை"யை அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்தப்படுகிறது. இது வண்டியும் அதில் ஏற்றக்கூடிய முழுச் சுமையும் சேர்ந்த எடையாகும். வண்டி வெறுமையாக ஓடினாலும் இந்த உச்ச எடையே கணக்கில் கொள்ளப்படும். முதன்மையான வகைகள் வருமாறு:

- பி: 3,500 கிலோகிராம் வரையுள்ள கார், வேன் முதலியன.
- பி+இ: பி வகை வண்டியுடன் கனமான டிரெய்லர்.
- சி1: 3,500 முதல் 7,500 கிலோகிராம் வரையுள்ள நடுத்தர லாரி.
- சி: 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட லாரி, 750 கிலோகிராம் வரை டிரெய்லர் இணைக்கலாம்.
- சி+இ: கனமான டிரெய்லருடன் கூடிய லாரி. இழுக்கும் முன்பகுதியும் சுமை தாங்கும் பின்பகுதியும் தனித்தனியாக இருந்து இணைக்கப்படும் டிரெய்லர் லாரிகள் இதில் அடங்கும்.

2021 க்கு முந்தைய நிலை

சனவரி 1, 1997 க்கு முன் கார் தேர்வில் தேறியவர்கள் பொதுவாக, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 8,250 கிலோகிராம் வரை ஓட்டும் உரிமையையும் உடன் பெற்றனர். அந்நாளுக்குப் பின் தேறியவர்களுக்கு இவ்வுரிமை கிடைக்கவில்லை. அவர்கள் 750 கிலோகிராம் வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம்; அதைவிடக் கனமான டிரெய்லர் என்றால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2,000 கிலோகிராம் உச்ச எடை கொண்ட கார் 1,500 கிலோகிராம் கேரவனை இழுப்பதற்குப் பி வகை உரிமமே போதுமானதாக இருந்தது. 2,200 கிலோகிராம் கார் 1,800 கிலோகிராம் குதிரை வண்டியை இழுத்தால் மொத்தம் 4,000 கிலோகிராம் ஆவதால் பி+இ தேர்வு தேவைப்பட்டது. இத்தேர்வில் டிரெய்லருடன் பின்னோக்கி ஓட்டுதல், டிரெய்லரைக் கழற்றி மீண்டும் இணைத்தல், சாலையில் ஓட்டுதல் ஆகியவை சோதிக்கப்பட்டன.

லாரி ஓட்டுநர்கள் படிப்படியாக முன்னேற வேண்டியிருந்தது. கார் உரிமம் பெற்றவர் சி தேர்வில் தேறிய பின்னரே சி+இ தேர்வுக்குச் செல்ல முடிந்தது.

மாற்றத்துக்கான காரணங்கள்

2021 இல் நாட்டில் 1,00,000 க்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்கள் பற்றாக்குறையாக இருப்பதாகச் சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சங்கம் மதிப்பிட்டது. இதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. கோவிட்-19 பெருந்தொற்றின்போது ஓட்டுநர் தேர்வுகள் நீண்ட காலம் நிறுத்தப்பட்டன. பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பிய ஓட்டுநர்கள் பலர் நாடு திரும்பினர். முதிய ஓட்டுநர்கள் ஓய்வு பெற்றனர். குறைந்த ஊதியமும் ஓய்வு நிறுத்தங்களில் வசதியின்மையும் புதியவர்கள் வருவதைத் தடுத்தன.

செப்டம்பர் 2021 இன் இறுதியில் எரிபொருள் நிலையங்களில் நீண்ட வரிசைகள் உருவாகின. கிடங்குகளில் எரிபொருள் இருந்தும் அதைக் கொண்டு சேர்க்க ஓட்டுநர்கள் போதவில்லை; மக்கள் பதற்றத்தில் வாங்கிக் குவித்ததும் நிலையை மோசமாக்கியது. அக்டோபர் 4 முதல் இராணுவத்தினர் எரிபொருள் லாரிகளை ஓட்டினர்.

செய்யப்பட்ட மாற்றங்கள்

டிரெய்லர் தேர்வு நீக்கம்: அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் சாப்ஸ் செப்டம்பர் 10, 2021 அன்று இம்மாற்றங்களை அறிவித்தார். பி+இ தேர்வை நீக்கினால் ஆண்டுக்கு சுமார் 30,000 தேர்வு நேரங்கள் லாரி தேர்வுகளுக்குக் கிடைக்கும் என அரசு கூறியது. தேர்வுகள் செப்டம்பரிலேயே நிறுத்தப்பட்டன. ஆனால் சட்டம் டிசம்பர் 16, 2021 அன்றே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய விதியே செல்லுபடியானதால், 1997 க்குப் பின் தேறியவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கவும் முடியாமல், அதற்கான தேர்வை எழுதவும் முடியாமல் இருந்தனர். டிசம்பர் 16 முதல் அவர்கள் 3,500 கிலோகிராம் வரையுள்ள டிரெய்லரை இழுக்கும் உரிமையைத் தேர்வின்றிப் பெற்றனர்.

ஒரே தேர்வில் டிரெய்லர் லாரி: நவம்பர் 15, 2021 முதல் கார் உரிமம் உடையவர் சி தேர்வைக் கடக்காமல் நேரடியாகச் சி+இ தேர்வை எழுதலாம். அதில் தேறியவருக்குச் சி உரிமமும் கிடைக்கும்.

தேர்வுப் பிரிப்பு: பின்னோக்கி ஓட்டுதல் போன்ற, சாலைக்கு வெளியே நடைபெறும் பயிற்சிகள் தனிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டன. அவற்றை அங்கீகாரம் பெற்ற வெளி மதிப்பீட்டாளர்கள் நடத்த அனுமதிக்கப்பட்டது. இதனால் அரசுத் தேர்வாளர்களின் நேரம் சாலைத் தேர்வுக்குக் கிடைத்தது.

மாறாத விதிகள்

தேர்வு நீங்கினாலும் மற்றக் கட்டுப்பாடுகள் தொடர்கின்றன:

- காரின் உற்பத்தியாளர் குறித்துள்ள இழுவை எல்லையை மீறக்கூடாது. உரிமம் 3,500 கிலோகிராமுக்கு அனுமதித்தாலும் பெரும்பாலான கார்களால் அவ்வளவு இழுக்க இயலாது.
- 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இயங்கும் பிரேக் இருக்க வேண்டும்.
- டிரெய்லரை இழுக்கும் கார் ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார் பாதையில் 60 மைல் வேகத்துக்கு மேல் செல்லக்கூடாது.

தொழில்முறை லாரி ஓட்டுநர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் தொழில் தகுதிச் சான்றும் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 ஆம் ஆண்டு நெறிமுறையிலிருந்து பிறந்த இச்சான்று லாரி ஓட்டுநர்களுக்குச் செப்டம்பர் 2009 இல் அறிமுகமானது. அதைத் தக்கவைக்க ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். டிசம்பர் 2024 இல் உள்நாட்டில் மட்டும் ஓட்டுவோருக்கு, பயிற்சியைச் சிறு பகுதிகளாகப் பெறும் வசதியுடன் தனிச் சான்று அறிமுகப்படுத்தப்பட்டது.

டிரெய்லர் இழுப்பதன் இயற்பியல்

டிரெய்லர் காருடன் ஒரே ஒரு கொளுவிப் புள்ளியில் இணைந்துள்ளது. அப்புள்ளியைச் சுற்றி அது இடவலமாகத் திரும்பக்கூடியது. சுமை அச்சுக்குப் பின்னால் குவிந்தால், டிரெய்லரின் முன்முனை காரின் பின்பகுதியை மேலே தூக்கும். காரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். அந்நிலையில் பக்கக் காற்றோ கடந்து செல்லும் பெரிய லாரியோ சிறிய உந்தல் தந்தாலும் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். வேகம் கூடும்போது இவ்வசைவு தானே அடங்காமல் வளர்கிறது. திசைமாற்றியைத் திருப்பியோ திடீரெனப் பிரேக் அழுத்தியோ சரிசெய்ய முயல்வது ஆபத்தானது. திசைமாற்றியை நேராகப் பிடித்து, முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து வேகம் குறைய விடுவதே பரிந்துரைக்கப்படும் முறையாகும். கனமான பொருட்களை அச்சுக்கு மேலாகவும் தாழ்வாகவும் வைப்பது இதை முன்கூட்டியே தடுக்கும்.

பின்னோக்கி ஓட்டுவதும் கார் ஓட்டும் பழக்கத்துக்கு மாறானது. டிரெய்லர் வலப்புறம் செல்ல, திசைமாற்றியை முதலில் இடப்புறம் திருப்ப வேண்டும்.

விமர்சனங்கள்

சாலைப் பாதுகாப்பு அமைப்புகளும் டிரெய்லர் பயிற்சியாளர்களும் தேர்வு நீக்கத்தை எதிர்த்தனர். 2014 இல் பிரிஸ்டல் நகரில் வண்டியிலிருந்து கழன்று ஓடிய டிரெய்லர் மோதி மூன்று வயதுக் குழந்தை இறந்ததைத் தொடர்ந்து, டிரெய்லர் பாதுகாப்பைக் கடுமையாக்கக் கோரும் இயக்கம் நடைபெற்று வந்தது. டிரெய்லரைச் சரியாக இணைப்பதைச் சோதித்த தேர்வே பின்னர் நீக்கப்பட்டது என்பது இவ்விமர்சனத்தின் மையமாகும்.

விதியில் ஒரு முரண்பாடும் சுட்டப்படுகிறது. 3,600 கிலோகிராம் டீசல் வேனை ஓட்டச் சி1 தேர்வும் மருத்துவச் சான்றும் தேவை. ஆனால் 3,500 கிலோகிராம் வண்டியுடன் 3,500 கிலோகிராம் டிரெய்லரை இணைத்து, மொத்தம் 7,000 கிலோகிராமைக் கார் உரிமத்துடன் ஓட்டலாம். ஒப்பீட்டாக, 2006 ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை 3,500 முதல் 4,250 கிலோகிராம் வரையுள்ள இணைப்புகளுக்குப் பயிற்சியையோ தேர்வையோ கோரும் இடைநிலை ஒன்றை வகுத்திருந்தது.

தேர்வு இல்லாவிடினும் டிரெய்லர் இழுப்போர் பயிற்சி பெறுமாறு அரசு ஊக்குவிக்கிறது. எனினும் அது கட்டாயமன்று. லாரி ஓட்டுநர் பற்றாக்குறை பின்னர் தணிந்தபோதிலும், அதே காலத்தில் ஊதியமும் உயர்ந்ததால், உரிம மாற்றங்களின் பங்கைத் தனியே பிரித்தறிவது கடினம்.